எருமை வனவிலங்கு அல்ல

கொல்கத்தாவில் எதற்கும் ஒரு கமிட்டி உண்டு. பூஜைக்குக் கமிட்டி, பூஜை முடிந்து பந்தலைப் பிரிக்கக் கமிட்டி, அந்தக் கமிட்டிக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்க இன்னொரு கமிட்டி. இங்கேயே பிறந்து வளர்ந்தும் இவை எதிலும் மாட்டாமல் தப்பித்து வந்தேன். மத்திய அரசுக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று, லேக் கார்டன்ஸ் வீட்டு பால்கனியில் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்த வருஷம், ஒரு சதுப்பைக் காப்பாற்றும் கமிட்டியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

சதுப்பு நகரத்துக்குக் கிழக்கே, பைபாஸையும் தாண்டி இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி, குளிர்காலத்தில் மேய்ச்சல் தரை. ஒரு பக்கம் கால்வாய், கால்வாயின் வாயில் துருப்பிடித்த இரும்பு மதகு. தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை முடிந்ததும் மதகைத் திறந்து தண்ணீரைக் கெண்டைக்கால் அளவுக்கு இறக்குவார்கள். தண்ணீர் வடிய வடியப் புல் தலைகாட்டும், எருமைகள் இறங்கும். அவை மேயும், மிதிக்கும், புரளும். குளம்பு பட்ட குழிகளில் தண்ணீர் தேங்கிப் புழு பூச்சி சேரும். அதைத் தின்ன எங்கெங்கிருந்தோ உள்ளான்களும் தாராக்களும் வாலாட்டிகளுமாகப் பறவைகள் வந்து இறங்கும். இவ்வளவும் ஒரு கமிட்டிகூட இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பிறகு அதைப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலம் என்று அறிவித்து, மூன்று மொழியில் ஒரு நீலப் பலகை வைத்தார்கள். பலகை வந்தால் கமிட்டி வராமல் இருக்குமா? எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் தலைவரானார். அவர் லிஃப்டில் என் கணவரைப் பிடித்து, "உங்க மிஸஸைக் கொஞ்சம் கொடுங்க. நல்லா இங்கிலீஷ் எழுதுவாங்க, எந்தக் கட்சியும் இல்ல, சவுத் இண்டியன், கூட்டத்துல அதிகம் பேசவும் மாட்டாங்க. மினிட்ஸ் எழுத அதைவிட என்ன வேணும்?" என்று கேட்டாராம். முதல் மூன்றும் சரிதான். நான்காவதை மறுத்துச் சொல்லியிருக்க வேண்டிய மனிதர் லிஃப்டில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுதுங்க கதையா, உனக்கு அங்க என்ன சோலி?" என்று வீட்டுக்கு வந்து என்னையே கேட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஊரை விட்டு மூன்று தலைமுறை ஆகியும் அந்த நக்கல் மட்டும் இன்னும் ரயிலேறித் திரும்பிப் போகவில்லை.

எனக்கு அங்கே சோலி இருந்தது. எங்கள் வீட்டுப் பால் அந்தச் சதுப்பிலிருந்துதான் வந்தது.

பால் கொண்டுவருகிறவளை நாங்கள் மாசி என்று கூப்பிடுவோம். இந்த ஊரில் வீட்டுக்கு வேலையாக வரும் பெண்கள் எல்லோரும் மாசிதான், பெரியம்மா சின்னம்மா மாதிரி. பீகாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் போன பிறகு எருமைகளைத் தனியாகவே வைத்துக் காப்பாற்றினாள். விடிந்ததும் கேன்களோடு லோக்கல் ரயிலேறி பாலிகஞ்சில் இறங்கி, லேக் மார்க்கெட்டைச் சுற்றியிருக்கும் தமிழ் வீடுகளுக்கு ஊற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வங்காளிகளுக்குப் பசும்பால் வேண்டும், அதைத் திரித்துச் சந்தேஷ் இனிப்பு செய்ய வேண்டும். ஃபில்டர் காபிக்கும் கெட்டித் தயிருக்கும் எருமைப்பால் தேடுகிறவர்கள் நாங்கள்தான். ஆகையால் அவளுடைய பிழைப்பு எங்கள் காபியிலும், எங்கள் காபி அவளுடைய எருமையிலும், எருமை அந்தப் புல்லிலும் நின்றது.

கெட்டிப்பால் என்று பெயர்தான். மாசி தண்ணீர் கலக்காமல் பால் கொடுத்ததை நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால் சத்தியம் செய்வாள், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாமி மேல். என் கணவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்ன மாசி, இன்னிக்கு மதகக் கொஞ்சம் பெருசாத் திறந்துட்டியோ?" என்பார். அவளும் சளைக்காமல், "மேல மழை, பாபு" என்பாள். மாதத்தில் மழை பெய்யாத நாள் கிடையாது.

முதல் கூட்டத்திலேயே எருமைப் பிரச்சினை வந்தது. கமிட்டிக் கூட்டம் என்றால் மண்குவளையில் டீ, ஆளுக்கு ஒரு ஃபிஷ் ஃப்ரை, அப்புறம் பேச்சு. நான் சைவம் என்றதும் எனக்காக வருத்தப்பட்டு இரண்டு சந்தேஷ் வைத்தார்கள். தலைவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "எருமை வனவிலங்கா, இல்லையா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப வனவிலங்குக்காக ஒதுக்கின இடத்துல அதுக்கு என்ன வேலை?"

"புல்லும் வனவிலங்கு இல்லையே."

"புல் ஹாபிடாட், மேடம்."

"அந்த ஹாபிடாட் வளர்ந்துகிட்டே போனா யார் தின்பாங்க?"

தலைவர் என்னைப் பரிவோடு பார்த்து, "இதை மினிட்ஸ்ல போட வேண்டாம்" என்றார்.

பறவைகளைப் படமெடுக்கும் ஒருவரும் கமிட்டியில் இருந்தார். நாதஸ்வரம் அளவுக்கு லென்ஸ் வைத்திருந்தார், அதைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி மடியில் ஏந்தியிருப்பார். அவருக்கு எருமை மேல் கோபம் கிடையாது. ஆனால் எந்தப் பறவையை எடுத்தாலும் பின்னால் ஒரு எருமைப் பின்புறம் வந்து விழுந்துவிடுகிறது என்றார். அதைக் கேட்டு எல்லோரும் வருத்தப்பட்டார்கள். ஒரு குளிர்காலத்துக்குச் சோதனையாக மேய்ச்சலை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. சுற்றிலும் கம்பி வேலி வந்தது.

அடுத்த கூட்டத்தில் தண்ணீர். ஈரநிலம் என்றால் ஈரமாக இருக்க வேண்டும் என்பது தலைவருடைய அறிவியல். மதகைத் திறந்து தண்ணீரை வீணாக வெளியே விடுவதை இத்தனை காலம் யாரும் தட்டிக் கேட்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். மதகை இறக்கிப் பூட்டுப் போட்டார்கள். பார்வையாளர்களுக்காகக் கட்டிய கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் பளபளவென்று தெரிய வேண்டுமாம். உள்ளான் என்பது காலால் நடந்து சேற்றைக் கிளறித் தின்கிற பறவை, அதற்கு நீச்சல் கற்றுக்கொடுக்க நம் கமிட்டியில் ஏற்பாடு உண்டா என்று கேட்டேன். அதையும் மினிட்ஸில் போட வேண்டாம் என்றார்கள்.

நான் பெரிய பறவை சாஸ்திரி ஒன்றுமில்லை. மாசியோடு இரண்டொரு குளிர்காலம் அங்கே போய்ச் சும்மா நின்று பார்த்தவள், அவ்வளவுதான். கமிட்டியிலும் எல்லோரும் படித்தவர்கள், இதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் செய்துவிட்டால் அப்புறம் கூடிப் பேச என்ன இருக்கிறது?

மாசியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் பேசும் பாதி இந்தி, பாதி வங்காளத்தை எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுத வரும், அக்கா என்கிற அந்த ‘தீதி’யைத் தவிர.

"குளிர்காலப் புல்லு இருந்தாத்தான், தீதி, எனக்கு வருசம் ஓடும். தீவனம் வாங்கிப் போட்டு எரும வளக்க நான் என்ன ஜமீன்தாரா? ஒரு குளிர எப்படியாச்சும் தள்ளிருவேன். அடுத்த குளிருக்கும் உள்ள விடலைன்னா அத்தனையையும் வித்துட்டு மக வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

"சோதனைக்குத்தான் நிறுத்திருக்காங்க. ஒரு வருஷம்."

"எரும என்ன பரீட்சையா எழுதுது?" என்றாள்.

அந்தக் குளிருக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சதுப்பின் கரைக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே, ஒரு பில்டர் எப்போதோ வாங்கிப் போட்டு, கட்ட அனுமதி கிடைக்காமல் கிடந்த நிலம் இருந்தது. பாதி குப்பை, பாதி கட்டாந்தரை. நாங்கள் மதகை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினோமல்லவா, அது மண்கரை வழியாகக் கசிந்து அந்த நிலத்தில் பரவிவிட்டது. கெண்டைக்கால் அளவு தண்ணீர், அதில் இளம்புல். அந்த நிலத்தின் காவல்காரருக்குத் தினம் ஒரு செம்பு பால் என்று பேசி, எருமைகளை அங்கே இறக்கிவிட்டாள். காவல்காரர் செம்பில் மதகு எவ்வளவு திறந்தது என்று நான் கேட்கவில்லை.

இங்கே எங்கள் சதுப்பில் வேலி இருந்தது, பலகை இருந்தது, கோபுரம் இருந்தது. தண்ணீர் இடுப்பளவு நின்றது. அதன் மேல் ஆகாயத்தாமரை பாய் விரித்தது. கரையோரத்தில் கோரை ஆள் உயரம் வளர்ந்தது. வேலியே பயிரை மேயும் என்பார்கள். எங்கள் வேலி தானும் மேயவில்லை, மேய வந்ததையும் விடவில்லை. போட்டோக்காரர் மாதக்கணக்கில் கோபுரத்தில் உட்கார்ந்து ஒரு நீர்க்காகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் எருமை இல்லாத சுத்தமான படம்.

தை மாதக் குளிரில், டெல்லியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நிபுணர்கள் மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். தலைவர் கம்பளிக் குல்லாவும் மஃப்ளரும் அணிந்து முன்னால் நடந்தார். கோபுரத்தில் தொலைநோக்கி நிறுத்தியிருந்தது. ஒருவர் பார்த்தார், இன்னொருவர் பார்த்தார், கண்ணில் பட்டதெல்லாம் ஆகாயத்தாமரைதான். தலைவர் தண்ணீரின் பளபளப்பைப் பற்றிப் பேசினார். நிபுணர்களில் ஒரு அம்மாள், துணித்தொப்பி போட்டவர், தொலைநோக்கியை மெல்ல இடது பக்கம் திருப்பினார். கரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பில்டரின் நிலத்தில் போய் அது நின்றது.

"அடடா" என்றார்.

நானும் பார்த்தேன். மாசியின் எருமைகள் அரைக்கண் மூடி அசைபோட்டுக்கொண்டு நின்றன. அவற்றின் முதுகில் உண்ணிக்கொக்கு, காலடியில் வாலாட்டி, சுற்றிலும் உள்ளான் கூட்டம், தள்ளிப் புல்லோரத்தில் தாராக்கள். அந்த வருஷம் வர வேண்டிய பறவை அத்தனையும் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் சந்தோஷமாக இருந்தது.

"மேய்ச்சலையும் தண்ணீர் அளவையும் எவ்வளவு நேர்த்தியாச் சேர்த்திருக்கீங்க" என்றார் அந்த அம்மாள். "ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேய்ச்சல். இது யாரோட யோசனை?"

தலைவர் மூச்சை ஒரு முறை உள்ளே இழுத்தார். பிறகு, நெடுநாளாகவே எங்களுடைய திட்டம் அதுதான் என்றார்.

அந்த நேரம் பார்த்து மாசி எங்களைக் கவனித்துவிட்டாள். கோபுரத்தில் தொப்பியும் குல்லாவுமாகப் பெரிய மனிதர்கள் நின்று தன் பக்கம் கையை நீட்டினால் அவள் என்ன நினைப்பாள்? பிடிக்க வருகிறார்கள் என்று எருமைகளை ஓட்ட ஆரம்பித்தாள். உள்ளான்கள் ஒரே வீச்சில் எழும்பின. தலைவர் என் காதருகில் குனிந்து, "மேடம், சீக்கிரம் போய் நிறுத்துங்க. அடுத்த குளிர்ல எருமையை உள்ளேயே விடுறோம்னு சொல்லுங்க. நான் சொன்னதாவே சொல்லுங்க" என்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அறுபது வயதில் சேற்றில் ஓடினேன்.

"மாசி, போகாத. அப்படியே நில்லு."

"எதுக்கு, பிடிக்கவா?"

"இல்ல, பாக்க."

"என் எருமையப் பாக்கவா டெல்லியில இருந்து வந்திருக்காவ?" நம்பவில்லை. பிறகு நம்பினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் நின்ற எருமையின் நெற்றிச் சேற்றையும் துடைத்துவிட்டாள். "பாத்துட்டுப் போனா அடுத்த குளிருக்கு உள்ள விடுவாவளா?"

"விடுதோம்னு தலைவரே சொல்லிருக்காரு."

"நீங்க சொல்லுங்க."

"விடுவாவ" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

எருமைகள் திரும்பின. கொஞ்ச நேரத்தில் உள்ளான்களும் திரும்பின. போட்டோக்காரர் கோபுரத்திலிருந்து எடுத்துத் தள்ளினார். மாசி அன்று முழுக்கச் சிரித்த முகமாக நின்றாள், எல்லாப் படத்திலும் பல் தெரிகிறது.

நிபுணர்களின் அறிக்கை வந்தபோது கமிட்டியில் திருவிழா. தாரா வடிவத்தில் சந்தேஷ் அடித்துக் கொண்டுவந்தார்கள். மேய்ச்சலும் தாழ்ந்த தண்ணீரும் சேர்ந்த அந்தப் பகுதி சிறப்பிலும் சிறப்பு என்று அறிக்கை புகழ்ந்திருந்தது. தலைவர் அதைக் குரல் நடுங்கப் படித்துவிட்டு, அவ்வளவு சிறப்பான இடத்தை வேலிக்கு வெளியே விட்டுவைப்பது பாவம் என்றார். அதையும் பாதுகாப்புக்குள் சேர்க்க வேண்டும் என்றார். பில்டருக்கும் கட்ட முடியாத நிலத்தைத் தள்ளிவிட ஆசை, ஆகையால் அது சிரமமாக இருக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மாசிக்கு வழி பிறந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினேன்.

அதற்குப் பிறகுதான் மற்றதைப் படித்தார். சேர்த்த நிலத்தைச் சுற்றி வேலி. கரைக் கசிவை அடைத்து நீர் இழப்பைத் தடுப்பது. வெளி மாடுகள் நுழையாமல் காவல்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "அங்கே பறவை வந்ததே எருமையாலயும் கசிவாலயும்தான். அறிக்கையிலயே இருக்கு."

"அதேதான் மேடம். அவ்வளவு முக்கியமான பறவைகள் இருக்கிற இடம். அங்கே போய் எப்படி மாட்டை விடுறது?"

"எருமையை விடுறோம்னு என்கிட்டச் சொன்னீங்க. நான் அவகிட்டச் சொல்லிட்டேன்."

"அப்ப இது இவ்வளவு சிறப்பான இடம்னு அறிக்கை வரலையே" என்றார் தலைவர். மனிதரிடம் வஞ்சகம் இல்லை. மனமாரச் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று சொல்வது இனி எருமைக்குத்தான் அவமானம். பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு, இந்த மினிட்ஸை நான் எழுத மாட்டேன் என்று எழுந்து வந்தேன். போட்டோக்காரர் போனிலேயே எழுதிக்கொண்டாராம். எழுத்துப் பிழை இருந்தாலும் தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது.

ஹோலிக்குள் கரையைப் பூசிவிட்டார்கள். பில்டரின் நிலம் வெயிலில் வெடித்தது, வேலிக்குள் பத்திரமாக. சதுப்பில் தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாமல் ஆகாயத்தாமரைக்கு அடியில் கிடந்தது. போட்டோக்காரர் வேறு பறவைகளைத் தேடிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார் என்று லிஃப்டில் கேள்விப்பட்டேன். தலைவரை அந்த லிஃப்டில்தான் தினமும் பார்க்கிறேன். "ஏன் மேடம் கூட்டத்துக்கு வர்றதில்லை?" என்று இன்னும் கேட்கிறார்.

மாசியிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வேலி போடுகிற ஆட்களை அவளே பார்த்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று பயந்திருந்தேன், நான்தானே வாக்குக் கொடுத்தேன். அவள் சண்டை போடவில்லை. "உங்ககிட்டயும் பொய்தான் சொல்லிருக்காவ" என்று மட்டும் சொன்னாள். மழைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் எருமைகளை ஒரு வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒன்று ஏற மாட்டேன் என்று மதகடியில் போய் நின்றுகொண்டதாம், அதைத் தள்ளி ஏற்றியதைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டாள்.

அன்று லாரி வருவதற்கு முன் கறந்ததை எல்லா வீட்டுக்கும் ஊற்றிவிட்டு, கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல அளந்து ஊற்றினாள். கேனில் மீதி இருந்ததையும் கவிழ்த்தாள். டீ குடி என்றேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

பாலை அடுப்பில் வைத்தேன். பொங்குவதற்கு வழக்கத்தைவிட நேரமெடுத்தது. பொங்கி அடங்கியபோது மேலே ஏடு அடைபோல் தடித்து நின்றது, கரண்டியால் விலக்க வேண்டியிருந்தது. டிகாக்ஷனில் ஊற்றியதும், இத்தனை வருஷம் பார்க்காத ஒரு நிறம் வந்தது. கொண்டுபோய்க் கணவரிடம் நீட்டினேன். அவர் பழக்கத்தில் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கினார். வெளிச்சம் ஊடுருவவில்லை.

"ஒரு சொட்டு கலக்கலையே" என்றார். "உண்மையிலேயே போயிட்டா."

நான் அடுக்களைக்குத் திரும்பிப் போய் அழுதேன்.